உலகப்பனின் இடது முழங்கால்

காளையார்கோவில்
12 அக்டோபர் 2024

மச்சானுக்கு நாகவள்ளி எழுதுவது.

அத்தை சுகம். ஆடுகள் சுகம். நான் எப்படி இருக்கிறேன் என்பதை முழுக்கப் படித்துத் தெரிந்துகொள்ளுங்கள்.

இனி அந்த போட்டிம் ஆப்பில் என்னைக் கூப்பிடாதீர்கள். "அவளுக்கு என்னம்மா ஆச்சு, போனை எடுக்க மாட்டேங்குறா" என்று அத்தையிடம் கேட்டீர்களாம். எனக்கு ஒன்றும் ஆகவில்லை. நான் ஒரு விஷயத்தை ஆரம்பித்துப் பாதிக்கு வருவதற்குள் உங்கள் முதுகுக்குப் பின்னால் யாராவது "யல்லா கார்மேகம்" என்று கத்துகிறார்கள். நீங்களும் "கலாஸ், கலாஸ், அப்புறம் பேசுறேன்" என்று வைத்துவிடுகிறீர்கள். அந்த அப்புறம் இதுவரை வந்ததில்லை. காகிதத்தை யாரும் பாதியில் வெட்ட முடியாது. அதனால் எழுத்துதான்.

தீபாவளிக்கு வருகிறேன் என்று சொன்னது நீங்கள். வரவில்லை என்று சொன்னதும் நீங்கள். நடுவில் நான் புடவை எடுத்துவிட்டேன், அது என் தப்பு. "ஓலோஃப் சாருக்கு முழங்கால் சரியில்ல வள்ளி, நான் பக்கத்துல இல்லைன்னா அவருக்குச் சிரமம்" என்றீர்கள். ஒரு வெள்ளைக்காரன் முழங்காலுக்கு நம் வீட்டுத் தீபாவளியை விட்டுக்கொடுத்த முதல் ஆள் இந்த ஜில்லாவில் நீங்களாகத்தான் இருக்கும்.

சரி, அவன் யார் என்று பார்க்கலாமே என்று நினைத்தேன். போன வெள்ளிக்கிழமை எங்கள் இ-சேவை மையத்தில் கூட்டம் இல்லை. மையத்தை நடத்தும் பானுமதி அக்காவிடம் கேட்டு, உங்கள் ஃபுட்பால் கிளப் ஆட்டத்தைக் கம்ப்யூட்டரில் போட்டேன். உங்களைத் தேடினேன். காணவில்லை. பாதி ஆட்டத்தில் ஒரு வெள்ளைக்காரன் கையைத் தூக்கினான், ஓரத்திலிருந்து ஒருவர் ஓடி வந்தார். அது நீங்கள். ஓடி வந்து புல்லில் மண்டி போட்டு, அவன் இடது காலைத் தூக்கி உங்கள் தொடைமேல் வைத்து, பூட்ஸ் கயிற்றை அவிழ்த்து மறுபடி கட்டினீர்கள். ஒரு இழுப்பு இழுத்துச் சரியாக இருக்கிறதா என்று தடவிப் பார்த்தீர்கள். கேமராக்காரன் வேறு அதைக் கிட்டத்தில் காட்டினான்.

நம் கல்யாணத்தில் அம்மி மேல் என் காலைத் தூக்கி வைத்து மெட்டி போட்டீர்கள். அதற்குப் பிறகு என் காலை நீங்கள் தொட்டதில்லை. நான் எதிர்பார்க்கவும் இல்லை, அது அப்படித்தான் என்று நினைத்திருந்தேன். அன்றைக்குக்கூட பாதி கவனம் போட்டோக்காரன் பக்கம் இருந்தது, மெட்டியைத் தவறான விரலில் மாட்டப் போனீர்கள். அவன் காலை மட்டும் அவ்வளவு பக்குவமாகப் பிடிக்கிறீர்கள்.

எனக்குப் பொறாமைதான். அதை வேறு பெயர் சொல்லி மறைக்கத் தெரியவில்லை. "என்னடி, உன் வீட்டுக்காரர் டிவியில வர்றார், நீ முகத்தத் தூக்கி வச்சிருக்க" என்று பானுமதி அக்கா சிரிக்கிறார். சிரிக்கட்டும்.

பதில் எழுதினால் படிப்பேன்.
நாகவள்ளி


அல் கூஸ், துபாய்
27 அக்டோபர் 2024

அன்புள்ள வள்ளி,

உன் கடிதத்தைக் கிட் ரூமில் வாஷிங் மெஷினுக்குப் பின்னால் உட்கார்ந்து படித்தேன். ரூம்மேட் சுரேஷ்குமார் "என்ன மாப்ள, கோர்ட்டு நோட்டீஸா" என்று கேட்டான். பத்தாம் வகுப்புக்குப் பிறகு நான் இவ்வளவு நீளமாக எழுதப்போவது இதுதான் முதல் தடவை. பிழை இருந்தால் பொறுத்துக்கொள்.

அது டியூட்டி வள்ளி. பூட்ஸ் கட்டுவதும் டியூட்டி, ஜெர்சி துவைப்பதும் டியூட்டி. ஆனால் டியூட்டி என்று மட்டும் சொல்லிவிட்டால் அது பொய். அவரைப் பற்றிச் சொல்கிறேன், அப்புறம் நீ திட்டு.

பெயர் ஓலோஃப் ரெங்மார்க். நம் ஆட்கள் வாயில் அது உலகப்பன் ஆகிவிட்டது. அவரும் அந்தப் பெயரைக் கூப்பிட்டால் திரும்பிப் பார்க்கிறார். ஸ்வீடனில் வடக்கே, குளிர்காலத்தில் மத்தியானமே விளக்குப் போடுகிற ஒரு ஊர். அப்பா காகித மில்லில் வேலை. பள்ளிக்கூடம் விட்டதும் பனியைத் தள்ளிவிட்டு ஆடுவார்களாம். கோல் போடுவதற்கு எல்லாரும் அடித்துக்கொள்வார்கள், தடுப்பதற்கு ஆள் கிடைக்காது, அதனால் இவர் பின்னால் நின்றார். அப்படியே நின்று, டிஃபெண்டர் ஆகி, உள்ளூர் கிளப், பிறகு ஸ்டாக்ஹோம், டென்மார்க், ஜெர்மனி என்று போய், ஸ்வீடன் நாட்டு அணிக்கே முப்பத்திச் சொச்சம் ஆட்டம் ஆடியிருக்கிறார்.

அதில் கடைசி ஆட்டம்தான் அவரை முடித்தது. உலகக் கோப்பைக்குத் தகுதி பெறுகிற ஆட்டம். இடது பூட்ஸ் கயிறு அவிழ்ந்துவிட்டது. குனிந்து கட்டினால் எதிராளி உள்ளே வந்துவிடுவான் என்று கட்டாமல் நின்றார். பந்து வந்தது, உதைத்தார், பூட்ஸ் கழன்று பந்து சறுக்கி அவர்கள் கோலுக்கே போய்விட்டது. சேம் சைடு கோல். அதோடு தோல்வி. நாடு முழுக்கப் பேப்பரில் அந்தப் பூட்ஸ் படம். அதற்குப் பிறகு அவரை நாட்டு அணிக்குக் கூப்பிடவே இல்லை.

அன்றிலிருந்து இடது பூட்ஸை அவர் தன் கையால் கட்டுவதில்லை. எல்லாரிடமும் காலை நீட்டவும் மாட்டார். இங்கே வந்த புதிதில் மூன்று பேரைப் பார்த்துவிட்டு என்னிடம் நீட்டினார். எனக்கு அது பெருமையாக இருந்தது. நான் வேறு எதில் பெருமைப்பட்டிருக்கிறேன், சொல்லு.

இப்போது அந்த இடது முழங்கால் வீங்குகிறது. டாக்டர் ஊசி போடுகிறார், இரண்டு நாள் தாங்குகிறது. நம் அய்யனார் கோயிலில் கால் வலிக்கு மண்கால் செய்து வைப்பார்களே, அவருக்காக ஒன்று வைப்பாயா? வேளாரிடம் சொன்னால் செய்து கொடுப்பார். இடது கால். இதை உன்னைத் தவிர யாரிடமும் கேட்க முடியாது.

கோபம் தணிந்திருக்கும் என்று நம்பும்
கார்மேகம்


காளையார்கோவில்
16 நவம்பர் 2024

மச்சானுக்கு,

தணியவில்லை.

உங்கள் கடிதத்தில் நான் எத்தனை இடத்தில் வருகிறேன் என்று தேடினேன். முதல் வரியில் வருகிறேன், கடைசியில் வேலை சொல்வதற்கு வருகிறேன். நடுவில் முழுக்க அவன்தான் படுத்துக் கிடக்கிறான். அவன் அப்பா செய்த வேலை உங்களுக்குத் தெரிகிறது. என் அப்பாவுக்குப் போன மாதம் கண் ஆபரேஷன் ஆனதே, எந்தக் கண் என்று கேட்டால் சொல்வீர்களா?

போன வருஷம் எனக்கு டெங்கு வந்து சிவகங்கை ஆஸ்பத்திரியில் கிடந்தேன். "மாத்திரைய நேரத்துக்குப் போடு வள்ளி, நிறைய தண்ணி குடி" என்று வாய்ஸ் மெசேஜ் அனுப்பினீர்கள். அன்றைக்கு எந்த அய்யனாரும் உங்களுக்கு ஞாபகம் வரவில்லை. அவனுக்கு முழங்கால் வீங்கினால் மட்டும் வேளார் வீட்டு வழி ஞாபகம் வருகிறது.

ஆனாலும் போனேன். நீங்கள் கேட்டு நான் செய்யாமல் இருந்தேன் என்று இருக்கக் கூடாது. வேளார் பக்குவமாகச் செய்து சுட்டுக் கொடுத்தார். போன வெள்ளிக்கிழமை கண்மாய்க்கரை அய்யனாரிடம் கொண்டுபோய், பொங்கல் வைத்து, கால் வைத்தாகிவிட்டது. இதற்குமேல் என்னிடம் ஒன்றும் கேட்காதீர்கள்.

ஒன்று மட்டும் நான் கேட்கிறேன். மே மாதத்தோடு கான்ட்ராக்ட் முடிகிறது, அதோடு வந்துவிடுவேன், காரைக்குடியில் சலவைக் கடை போடலாம் என்று போன லீவில் சொன்னீர்கள். அது இருக்கிறதா, அதுவும் முழங்காலோடு போய்விட்டதா?

நாகவள்ளி


அல் கூஸ்
5 ஜனவரி 2025

அன்புள்ள வள்ளி,

உன் கையை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொள்ள வேண்டும்.

நீ கால் வைத்த வாரத்திலிருந்து அவர் முழங்காலில் வீக்கமே இல்லை. ஊசி இல்லாமல் ஆடுகிறார். டாக்டர் கைவைத்து அமுக்கிப் பார்த்துவிட்டு "என்ன செய்தாய்" என்று அவரையே கேட்கிறார். டிசம்பர் ஆட்டத்தில் பின்னாலிருந்து ஓடிப் போய்த் தலையால் ஒரு கோல் போட்டார், நீ பார்த்தாயா? கத்திக் கத்தி எனக்குத் தொண்டை கட்டிவிட்டது. நான் அவரிடம் எல்லாம் சொன்னேன். எங்கள் ஊரில் ஒரு சாமி, அதன் காலடியில் உங்கள் கால் இருக்கிறது, என் மனைவி வைத்தாள் என்று. அவர் சிரிக்கவில்லை. "அந்தக் காலை நான் பார்க்கலாமா" என்று கேட்டார். ஒரு போட்டோ எடுத்து அனுப்பு.

அடுத்த விஷயத்தை நிதானமாகப் படி. கிளப்பில் அவரை இன்னும் இரண்டு வருஷம் வைத்துக்கொள்ளப் பேசுகிறார்கள். பூட்ஸ் கட்ட நான் இருக்க வேண்டும் என்று அவர் நேரடியாகச் சொல்லிவிட்டார். மேனேஜர் என்னைக் கூப்பிட்டு முதல் தடவையாக உட்காரச் சொன்னார். "அவர் இருந்தா நீயும் இருக்க, அவ்வளவுதான்" என்றார். ஏழு வருஷமாக இந்த ஊரில் எனக்கு யாரும் நாற்காலி போட்டதில்லை வள்ளி.

இரண்டே வருஷம். கடை எங்கேயும் ஓடிப்போகாது. நீ வைத்த காலால்தான் இது வந்தது, அதனால் நீயும் சந்தோஷப்பட வேண்டும்.

உன் அப்பாவுக்கு ஆபரேஷன் செய்தது வலது கண். அம்மாவிடம் கேட்டுத் தெரிந்துகொண்டேன்.

கார்மேகம்


காளையார்கோவில்
22 ஜனவரி 2025

மச்சானுக்கு,

கேட்ட போட்டோ இதோடு இருக்கிறது. நன்றாகப் பாருங்கள்.

ஒரு கால் இல்லை, இரண்டு இருக்கிறது. இடது ஒன்று, வலது ஒன்று. ஒற்றைக் காலால் வீடு வந்து சேர முடியாது என்று ஜோடியாகச் செய்யச் சொன்னேன். விரல்கள் நம் வீட்டுத் திசையைப் பார்த்து இருக்கின்றன. பூசாரி "யாரு பேருக்குத்தா வைக்கிறது" என்று கேட்டார். "கார்மேகம் பேருக்கு" என்றேன். "காலுக்கு என்னத்தா" என்று கேட்டார். "காலு நல்லாத்தான் இருக்கு சாமி, வீட்டுப் பக்கம் திரும்ப மாட்டேங்குது" என்றேன். பூசாரி அதையே அய்யனாரிடம் சத்தமாகச் சொன்னார். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள், நான் சிரிக்கவில்லை.

அதனால் அவன் முழங்காலில் வீக்கம் வற்றியதற்கும் எனக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. அவன் போட்ட கோலுக்கு என் கையை எடுத்து ஒற்றிக்கொள்ள வேண்டாம். அது உங்கள் கால் மச்சான்.

இரண்டு வருஷத்தை "இரண்டே" என்று எழுதியிருக்கிறீர்கள். நமக்குக் கல்யாணமாகி நான்கு வருஷம் ஆகிறது. நீங்கள் என்னோடு இருந்ததை எல்லாம் கூட்டினால் ஒரு கோடை விடுமுறை அளவுகூட வராது. அவனோடு தினமும் இருக்கிறீர்கள். அவன் தூங்கி எழுந்தால் எந்தக் கால் வலிக்கும், சாப்பாட்டில் எதை ஒதுக்கி வைப்பான், தோற்றால் யாரோடு பேசமாட்டான் எல்லாம் தெரிந்து வைத்திருக்கிறீர்கள். நான் எதை ஒதுக்கி வைப்பேன் என்று உங்களுக்குத் தெரியாது. நான் கத்தரிக்காய் தொடமாட்டேன். லீவில் வந்தபோதெல்லாம் உங்களுக்குப் பிடிக்கும் என்று சமைத்து, உங்களோடு உட்கார்ந்து நானும் சாப்பிட்டேன்.

நாற்காலி போட்டார்கள் என்று எழுதியதைப் படித்து எனக்கும் மனம் இளகியது. இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் கையெழுத்துப் போட்டால் இனி எனக்கு எழுத வேண்டாம்.

நாகவள்ளி


அல் கூஸ்
9 பிப்ரவரி 2025

நாகவள்ளிக்கு,

உன் கடிதம் வந்த மூன்றாம் நாள் அவர் விழுந்தார்.

யாரும் அவரைத் தொடவில்லை. பந்துகூடப் பக்கத்தில் இல்லை. திரும்பினார், அவ்வளவுதான், இடது முழங்கால் வேறு பக்கம் போய்விட்டது. அந்தச் சத்தம் ஓரத்தில் நின்ற எனக்குக் கேட்டது. ஓடினேன். என் கையைப் பிடித்துக்கொண்டு பூட்ஸைக் கழற்றச் சொன்னார், கழற்றினேன். நான் கட்டிய முடிச்சு அப்படியே இருந்தது. ஸ்ட்ரெச்சரில் அவரைக் கொண்டுபோனார்கள், நான் ஒற்றைப் பூட்ஸோடு பின்னால் நடந்தேன்.

உள்ளே எல்லாம் கிழிந்துவிட்டதாம். முப்பத்தைந்து வயதில் இனி ஒட்டினாலும் ஆட முடியாதாம். இருபது வருஷ ஆட்டம் அன்றோடு முடிந்தது.

ஒருவருக்கு என்று சொல்லிக் கேட்டதை இன்னொருவர் பெயருக்கு வைத்தால் தெய்வம் என்ன செய்யும்? என் கால் நன்றாகத்தான் இருக்கிறது, உனக்குச் சந்தோஷமா? உன் சாமி கணக்காகத்தான் செய்திருக்கிறது. அவர் விழுந்தால் நானும் ஊருக்கு வரவேண்டியதுதானே.

அந்தப் போட்டோவை அவரிடம் காட்டவில்லை. காலைப் பற்றி இரண்டு தடவை கேட்டார். தபால் தாமதம் என்று சொல்லி வைத்திருக்கிறேன். ஆஸ்பத்திரியில் படுத்திருப்பவரிடம் போய் என் மனைவிக்கு உங்கள்மேல் பொறாமை என்று எப்படிச் சொல்வது.

இனி எழுதுவதற்கு என்னிடம் ஒன்றும் இல்லை.

கார்மேகம்


காளையார்கோவில்
8 மார்ச் 2025

மச்சானுக்கு,

நீங்கள் எழுதமாட்டீர்கள் என்றாலும் நான் எழுதுகிறேன்.

அந்த ஆட்டத்தைப் பார்த்தேன். அவர் விழுந்ததைப் பார்த்தேன். உங்கள் கடிதம் வருவதற்கு முன்பே எனக்குத் தெரியும். இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. பானுமதி அக்கா, "மண்ணுல செஞ்ச காலுக்கும் அந்த ஆளு முட்டிக்கும் என்னடி சம்பந்தம், வயசாச்சு, கிழிஞ்சிருச்சு" என்றார். அக்கா சொல்வது சரியாகக்கூட இருக்கலாம். ஆனால் நான் அவர் நல்லா இருக்கணும் என்று ஒரு நாளும் நினைக்கவில்லை. அது எனக்குத் தெரியும், அய்யனாருக்கும் தெரியும்.

அதற்காக உங்களிடம் மன்னிப்புக் கேட்கமாட்டேன். உங்களுக்கு நான் ஒன்றும் செய்யவில்லை, வீட்டுக்கு வரச் சொன்னேன். கேட்க வேண்டியது அவரிடம், அதனால் அவருக்கே எழுதிவிட்டேன். தமிழில் எழுதி, கம்ப்யூட்டரில் இங்கிலீஷாக மாற்றி, பானுமதி அக்கா திருத்தினார். தன் தங்கச்சி கல்யாணத்துக்கு வந்த உங்கள் சுரேஷ்குமார் அண்ணன் திரும்பும்போது கொடுத்தனுப்பியிருக்கிறேன். கூடவே முடக்கத்தானும் பிரண்டையும் போட்டுக் காய்ச்சிய எண்ணெய். கிழிந்தது ஒட்டாது என்று எனக்கும் தெரியும், வலிக்காவது இருக்கட்டும்.

கண்மாய்க்கரைக்கும் மறுபடி போனேன். இந்தத் தடவை இடது கால் ஒன்று, அவர் பெயருக்கு. பூசாரிக்கு ஓலோஃப் என்று வரவில்லை, உலகப்பன் என்றே சொன்னார். "எந்த ஊருத்தா, மானாமதுரைப் பக்கமா" என்று கேட்டார். ஆமாம் என்று சொல்லிவிட்டேன்.

அந்த சேம் சைடு கோலையும் தேடிப் பிடித்துப் பார்த்தேன். திரும்பத் திரும்பப் பார்த்தேன். எல்லாரும் பூட்ஸைக் காட்டுகிறார்கள். பூட்ஸ் கழன்ற பிறகும் ஒற்றைப் பூட்ஸோடு எழுந்து ஓடுகிறார், பந்து கோட்டைத் தாண்டும்வரை ஓடுகிறார், அதை யாரும் காட்டுவதில்லை. அப்படிப்பட்ட ஆளுக்கு நீங்கள் மண்டி போட்டதில் தப்பில்லை என்று தோன்றியது. எனக்குப் பொறாமை போகவில்லை. ஆனால் அவர்மேல் இருந்தது போய்விட்டது, மொத்தமும் இப்போது உங்கள் பக்கம் இருக்கிறது. இந்த வேலையை அவ்வளவு ஆசையாகச் செய்கிறீர்கள். அப்படி ஆசையாகச் செய்ய எனக்கு ஒன்று கிடைக்கவில்லை.

நாகவள்ளி


அல் கூஸ்
11 ஏப்ரல் 2025

வள்ளி,

அவனுக்கு என்ன எழுதினாய்?

நீ இதுவரை "அவன்" என்று எழுதிக்கொண்டிருந்தாய், இப்போது "அவர்" ஆகிவிட்டான். பரவாயில்லை, எனக்கு அவன் ஆகிவிட்டான்.

சுரேஷ்குமார் கொடுத்த கவரை நான்தான் அவன் வீட்டுக்குக் கொண்டுபோனேன். ஊன்றுகோலைச் சுவரில் சாய்த்துவிட்டு உட்கார்ந்து படித்தான். நான் எதிரில் நின்றேன். ஒரு இடத்தில் சிரித்தான், அப்புறம் சத்தம் போட்டுச் சிரித்தான், அப்புறம் கண்ணைத் துடைத்தான். "என்ன சார் எழுதியிருக்கா" என்று கேட்டேன். "அது எனக்கு வந்த கடிதம், கார்" என்றான், என்னை அப்படித்தான் கூப்பிடுவான், மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டான். ஒன்றே ஒன்று சொன்னான். "என் நாட்டில் எல்லாரும் ஏழு வருஷமாக இது உன் தப்பு, உன் தப்பு என்று எழுதினார்கள். உன் மனைவிதான் முதல் ஆள், இது என் தப்பு என்று எழுதியவள்." எனக்குக் கோபமும் வந்தது, பெருமையும் வந்தது. கோபம்தான் அதிகம்.

மறுநாள் ஒரு மஞ்சள் ஜெர்சியைக் கொடுத்து, பத்திரமாகத் துவைத்து மடித்துக் கொண்டுவா என்றான். ஸ்வீடன் ஜெர்சி. கடைசியாக நாட்டுக்கு ஆடியபோது போட்டிருந்தது. பீரோவுக்குள்ளிருந்து அவன் அதை வெளியே எடுத்தே நான் பார்த்ததில்லை. தோற்ற அன்றைய புல்கறை தோள்பட்டையில் இன்னும் இருந்தது. மெஷினில் போடாமல் கையால் அலசி, நிழலில் காயப்போட்டு, அயர்ன் செய்து கொடுத்தேன். எனக்குத்தான் கொடுக்கப்போகிறான் என்று நினைத்தேன். மூன்று வருஷம் அவன் காலைப் பிடித்தவன் நான்தானே. கவரில் போட்டு ஒட்டி, உன் பெயரை எழுதச் சொன்னான். என் கையாலேயே எழுதினேன். கூரியர் இந்த வாரம் வந்துவிடும்.

அதற்குப் பிறகு தினமும் உன்னைப் பற்றித்தான் கேட்கிறான். வள்ளி இன்று எழுதினாளா, வள்ளி எண்ணெய் முடிந்துவிட்டது. நீ அனுப்பிய எண்ணெயை நான் தடவிவிட வேண்டியிருக்கிறது. ஆறு மாதத்துக்கு முன் நீ எழுதியது எல்லாம் எனக்கு இப்போதுதான் உறைக்கிறது.

கிளப்பில் அவனைச் சின்னப் பையன்களுக்குக் கோச்சாக வைத்துக்கொண்டார்கள். என் காகிதமும் தயாராகிவிட்டது, இரண்டு வருஷம், அதே நாற்காலியில் உட்கார வைத்தார்கள். பேனாவைக் கையில் வாங்கினேன். அவனும் பக்கத்தில் இருந்தான். மேனேஜர் பேப்பரைப் புரட்டிக்கொண்டிருந்தபோது என்னிடம் சாதாரணமாகக் கேட்டான்: "வள்ளிக்குக் கோபம் வந்தால் முகம் எப்படி இருக்கும்? கடிதம் படித்ததிலிருந்து யோசிக்கிறேன்." சிவந்துவிடும் என்று சும்மா சொன்னேன். அது பொய்.

எனக்குத் தெரியாது வள்ளி. உன் கோபத்தை நான் பார்த்ததே இல்லை. லீவில் வந்த நாட்களில் நீ ஒரு தடவைகூட முகம் சுளித்தது கிடையாது. போகிறவனிடம் எதற்கு என்று அடக்கிக்கொண்டிருப்பாய், கத்தரிக்காயை விழுங்கிய மாதிரி. காகிதத்தில் மட்டும் ஆறு மாதமாக என்னை வாங்கு வாங்கு என்று வாங்குகிறாய். அந்த நேரத்தில் மூக்கு விடைக்குமா, குரல் உயருமா, இல்லை பேசாமல் போய் அடுப்படியில் பாத்திரத்தை நங்கு நங்கென்று வைப்பாயா? அவன் தன் மனதில் ஒரு முகத்தைப் போட்டு வைத்திருக்கிறான். புருஷனான என்னிடம் ஒன்றும் இல்லை.

பேனாவை மேஜையில் வைத்துவிட்டேன். மேனேஜர் "க்யா ஹுவா பாய்", என்ன ஆச்சு என்று கேட்டார். ஒன்றும் இல்லை, ஊருக்குப் போகிறேன் என்றேன். வெளியே வந்ததும் உலகப்பன் குனிந்து தன் இடது ஷூ கயிற்றைத் தானே கட்டினான், வெகு நேரம் ஆயிற்று. நான் உதவிக்குப் போகவில்லை. கஷ்டமாகத்தான் இருந்தது.

சீசன் முடிந்ததும் கிளம்புகிறேன். இது லீவு இல்லை.

கார்மேகம்


காளையார்கோவில்
24 ஏப்ரல் 2025

மச்சானுக்கு,

ஜெர்சி வந்துவிட்டது. அத்தை பிரித்துப் பார்த்துவிட்டு "யாருக்குடி இம்புட்டுப் பெரிய சட்டை" என்று கேட்டார். பானுமதி அக்கா மையத்தில் கண்ணாடி போட்டு மாட்டலாம் என்கிறார். நான் கொடுக்கவில்லை. அதில் உங்கள் சோப்பு வாசனை இருக்கிறது. தலையணைக்குக் கீழே வைத்திருக்கிறேன், உலகப்பனிடம் இதைச் சொல்ல வேண்டாம்.

அவருக்கு என்ன எழுதினேன் என்று சொல்லமாட்டேன். அது அவருக்கு எழுதியது.

உங்கள் கடிதத்தைப் படித்ததிலிருந்து ஒரு சிக்கல். நேற்று பாத்திரம் கழுவும்போது உங்களைத் திட்ட வேண்டியதை எல்லாம் வரிசையாக நினைத்துப் பார்த்தேன். தீபாவளிப் புடவை, டெங்கு, இரண்டே வருஷம். முன்பு நினைத்தாலே பேனாவைத் தேடுவேன். இப்போது பாதியிலேயே சிரிப்பு வந்துவிடுகிறது. ஆறு மாதம் காகிதத்தில் பத்திரமாக வைத்திருந்தேன், வருகிறேன் என்ற ஒரு வார்த்தையில் கரைய ஆரம்பித்துவிட்டது.

சீக்கிரம் வந்துவிடுங்கள் மச்சான். நீங்கள் பார்ப்பதற்குக் கொஞ்சமாவது கோபம் மிச்சம் இருக்க வேண்டும்.

வள்ளி